கறளும் பூச்சும்

இரும்பில் ஈரம் தங்கினால் உண்டாகும் செந்நிறப் படிவைத் தமிழ்நாட்டார் துரு என்பர். யாழ்ப்பாணத்தவராகிய நாம் கறள் என்போம். எங்கள் வீட்டில் அச்சொல் ஒலிக்காத நாள் இல்லை. கிணற்றுக் கப்பியிற் கறள், படலைக் கொளுக்கியிற் கறள், சைக்கிள் சங்கிலியிற் கறள். அராலியில் கடலேரிக்கு அண்மையில் வாழ்பவர்களுக்கு இது புதுமையன்று. அங்கு வீசும் காற்றிலேயே உப்பு இருக்கிறது. எனினும் அச்சொல்லின் முழுப் பொருளையும் நான் உணர்ந்துகொண்டது 2022 ஆம் ஆண்டிலேதான். அதனை எனக்கு உணர்த்தியது, அப்பப்பா விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் கார்.

அந்தக் காரைப் பற்றி முதலிற் சிறிது கூறவேண்டும். மொறிஸ் மைனர் 1948 இல் இங்கிலாந்தில் அறிமுகமாகி 1972 வரை உற்பத்தி செய்யப்பட்டது. அதனை வடிவமைத்தவர், பின்னர் 1959 இல் வெளிவந்த மினி காரையும் வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் என்பவர். உலகெங்கும் 16 இலட்சத்துக்கு மேற்பட்டவை விற்பனையாயின. யாழ்ப்பாணத்திலோ மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ஒஸ்ரின் ஏ-40 உம் வெறும் வாகனங்களாக இருக்கவில்லை. மணமக்களை ஏற்றியவை அவை. பேறுகாலத்துப் பெண்களை ஆசுபத்திரிக்குக் கொண்டோடியவையும் அவையே. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடையாமற் போனபோது, அவற்றின் பழைய எஞ்சின்கள் மண்ணெண்ணெயிலும் ஓடப் பழகிக்கொண்டன. கார்பரேற்றரிற் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். அப்பப்பா அவ்வாறு ஓட்டித்தான் ஐந்து பிள்ளைகளை வளர்த்தார். அவருக்குப் பின் அப்பா அதே காரை வாடகைக்கு ஓட்டி எங்களை வளர்த்தார்.

2022 ஆம் ஆண்டு எரிபொருட் தட்டுப்பாடு வந்தது. யூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோலின் விலை 470 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் வாங்க இருக்கவில்லை. நிரப்பு நிலைய வரிசையில் இரண்டு இரவுகள் படுத்திருந்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பிய அப்பா, காரை முற்றத்து வேம்பின் கீழ் நிறுத்தினார். யூலை இறுதியில் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்து காருக்கு வாரம் 20 லீற்றர் கிடைக்கத் தொடங்கியபோதோ, கார் பிடித்துப் பயணம் செய்யும் வசதி ஊரவரிடம் எஞ்சியிருக்கவில்லை. பேராதனையில் முதலாம் வருட மாணவியாகிய நானும், விரிவுரைகள் இணையவழிக்கு மாறியமையால், வீட்டிலேயே இருந்தேன். தம்பி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். அடைவு வைக்கக்கூடிய நகைகள் அடைவிற் போய்விட்டன. ஓகஸ்ற் மாதத்தில் ஒருநாள் இரவு, சாப்பிட்டுக் கை கழுவியபடியே, "காரைக் குடுத்திடுவம்" என்றார் அப்பா. அம்மா எதுவும் பேசவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய வண்டிகளுக்குங்கூட நல்ல கிராக்கி ஏற்பட்டிருந்தது. பழைய கார்களை விரும்பிச் சேகரிக்கும் ஒருவர் தெற்கிலிருந்து வந்து பார்க்கப்போவதாகத் தரகர் செய்தி அனுப்பினார். வருவதற்கு இரண்டு கிழமைகள் இருந்தன. கார் சில மாதங்கள் மரத்தின் கீழ் நின்றிருந்தது. சோளகக் காற்று புழுதியையும் உப்பையும் கொண்டுவந்து அதன்மேற் பூசியிருந்தது. கண்ணாடியின் றப்பர் விளிம்புகளில் வேப்பம்பூவும் சருகும் அடைந்து, பனியின் ஈரத்தைப் பிடித்து வைத்திருந்தன. கழுவிப் பார்த்தபோதுதான் அதன் உண்மை நிலை தெரிந்தது. முன் மட்காட்டின் நெற்றியிற் கல் தெறித்த பொட்டுகள் பத்துப் பன்னிரண்டு. முன்விளக்கைச் சுற்றிப் பூச்சின் கீழே அம்மைக் கொப்புளங்கள்போல எழுந்த புடைப்புகள். கதவுகளின் அடிவிளிம்பிலே செந்நிறக் கோடுகள். இடப்பக்க முன்கதவில் ஒரு முழ நீளத்துக்குப் பழைய கீறல் ஒன்று. அதன் இருமருங்கும் மண்ணிறமாகி இருந்தன.

"நான் பாக்கிறன் அப்பா" என்று முன்வந்தேன். கராஜுக்குக் கொடுக்கக் காசு இல்லை. எனக்கோ பொழுது இருந்தது. பட்டணத்திலே நிறத்துக்குப் பொருத்தமாகக் கலந்த சாம்பல் நிற எனாமல் ஒரு சிறு டப்பா, கொஞ்சம் புட்டி, இரண்டு அரத்தாள் ஆகியவற்றை வாங்கி வந்தேன். என் வேலை முறை மிக எளிது. செம்மையாகத் தெரிந்த இடங்களை மேலோட்டமாகத் தேய்த்தேன். தேய்த்ததிற் பள்ளமான இடங்களைப் புட்டியால் நிரப்பினேன். கதவின் அடிவிளிம்பில் நிரையாகச் சில சிறு துளைகள் இருந்தன. அவையும் கறள் தின்ற துளைகள் என எண்ணி அவற்றையும் அடைத்துவிட்டேன். அதன்மேற் பூச்சைத் தடிப்பாக இரண்டு முறை பூசினேன். மூன்றே நாளில் வேலை முடிந்தது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் கார் புத்தம் புதிதுபோல மின்னியது. அயலவர் பாராட்டினர். அப்பா ஒருமுறை சுற்றி வந்தார். ஒரு கதவின் அடியிலே விரலை வைத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமற் போய்விட்டார். அந்த மௌனத்தைப் பாராட்டு என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

கார் பார்க்க வந்தவரும் மகிழ்ந்தார். விலை பேசி முடிந்தது. தீபாவளி கழியப் பணத்துடன் வந்து எடுப்பதாகக் கூறிச் சென்றார்.

தீபாவளியோடு மாரியும் வந்தது. ஐப்பசி மழை கொட்டத் தொடங்கி மூன்றாவது கிழமையில், நான் பூசிய இடங்களில் ஒவ்வொன்றாகக் கொப்புளங்கள் எழுந்தன. முன்பு கடுகளவில் இருந்தவை இப்போது அவரை விதையளவில் இருந்தன. நகத்தால் நிமிண்டியதும் பூச்சு தோல்போல உரிந்து வந்தது. உள்ளே கபில நிறத் தூள். இடப்பக்க முன்கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து தண்ணீர் சளசளத்த ஓசை கேட்டது. அந்த ஓசையை நான் மறக்கமாட்டேன். பணம் தருவதாகச் சொன்னவர் சொந்த அலுவல் காரணமாகத் தை மாதம் வருவதாக அறிவித்திருந்தார். இரண்டு மாதங்கள் கிடைத்திருந்தன. அது நற்பேறா அன்றோ என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

எங்கள் சந்திக்கு அண்மையில், தகரக் கொட்டிலொன்றில் வாகனங்களுக்குப் பூச்சு வேலை செய்யும் முதியவர் ஒருவர் இருக்கிறார். அப்பப்பாவின் நண்பர், எனக்குத் தாத்தா முறை. அவரை அழைத்து வந்தேன். அவர் கொப்புளங்களைப் பார்க்கவில்லை. நேரே குந்தியிருந்து கதவின் அடிவிளிம்பைத் தடவினார். பின் ஒரு மெல்லிய ஆணியை எடுத்து, நான் அடைத்த துளைகளுள் ஒன்றைக் குத்தினார். கறுத்த நீர் நூல்போல ஒழுகி நிலத்தில் விழுந்தது.

"இது கறள் தின்ற ஓட்டை இல்லைப் பிள்ளை. கார் செய்தவன் விட்ட ஓட்டை. கண்ணாடி இடுக்காலை மழைத்தண்ணி உள்ளுக்கை போகத்தான் செய்யும். போறதுக்கும் வழி விட்டிருக்கிறான். நீ அந்த வழியை மூடிப்போட்டாய்."

என் கண்கள் கலங்கின. அவர் அதனைக் கவனியாதவர்போல ஒவ்வொரு துளையாகத் திறந்துகொண்டே போனார்.

மறுநாள் முதல் அவரிடமே வேலை பழகினேன். அவர் கையாற் கற்பித்தார். அதன் காரணங்களை நான் பின்னர் விஞ்ஞான நூல்களிற் படித்து அறிந்துகொண்டேன். இரும்பு ஒட்சிசனுடனும் நீருடனும் சேர்ந்து கறளாகிறது. உப்பு அந்நீரில் மின்னோட்டத்தை எளிதாக்கிக் கறள் பிடித்தலை விரைவுபடுத்துகிறது. அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஒட்சைட்டுப் படலம் இறுக ஒட்டிக்கொண்டு கீழுள்ள உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் கறளோ அவ்வாறன்று. அது பஞ்சுபோல நுண்துளைகள் உடையது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அடியிலுள்ள இரும்பை மேலும் மேலும் தின்னும். அன்றியும், தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைத்து வீங்கும். மேலே பூசிய பூச்சைத் தூக்கிக் கொப்புளமாக்குவது அந்த வீக்கமே. ஆகவே கறளின்மேற் பூசிய பூச்சு கறளைத் தடுப்பதில்லை. நம் கண்ணை மாத்திரமே தடுக்கிறது.

முதலில் அவர் எனக்குக் கற்பித்தது பிரித்தறிதலை. கல் தெறித்த பொட்டுகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. சிலவற்றில் மேற்பூச்சு மட்டும் போயிருக்கும். அடிப்பூச்சு உறுதியாக இருக்கும். அவற்றைச் சுத்தமாக்கி நிறம் தொட்டு விட்டாற் போதும். சிலவற்றில் வெறும் உலோகம் தெரியும். அங்கு அடிப்பூச்சிலிருந்து தொடங்கவேண்டும். புடைத்து நிற்பவையே ஆபத்தானவை. அவற்றைத் திருப்புளியின் முனையால் அழுத்திப் பார்க்கவேண்டும். முனை உள்ளே போய்விடுமாயின், பூச்சுவேலையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அழுகிய தகட்டை வெட்டி அகற்றிப் புதுத்தகடு ஒட்டவேண்டும். மொறிஸ் மைனருக்கு இது மிகவும் முக்கியமானது. அதன் உடலுக்கு அடியில் தனியான சட்டம் இல்லை, உடலே சட்டமுமாகும். மட்காட்டில் ஓட்டை விழுந்தால் அழகு கெடும். கதவுகளுக்குக் கீழேயுள்ள படியோரப் பெட்டித்தகட்டில் ஓட்டை விழுந்தால் காரின் முதுகெலும்பே கெடும்.

எங்கள் காரின் படியோரத்தை அழுத்தியபோது திருப்புளி உள்ளே போயிற்று. வெளியே ஓர் ஐம்பது சதக் குற்றியளவு தெரிந்த புள்ளி, தட்டித் தட்டி நல்ல தகடு வரும்வரை வெட்டியபோது உள்ளங்கையளவு ஆனது. திருத்தப்போய்க் கெடுத்துவிட்டோமோ என்று நான் அஞ்சினேன். "கெட்டது முதலே கெட்டுப்போச்சு. நாங்கள் இப்பதான் பாக்கிறம்" என்றார் தாத்தா. ஒட்டு வேலையை அவருடைய மருமகன் செய்து தந்தார். ஏனையவற்றை நானே செய்தேன்.

அந்த வேலையின் முறையை இங்குக் கூறுவது பயனற்றதாகாது. மழை விட்ட வெயில் நாளைத் தெரிந்தெடுக்கவேண்டும். கழுவி, உலர்த்தி, தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசையைத் துடைக்கவேண்டும். 80 ஆம் இலக்க அரத்தாளால், கறள் முடிந்து வெண்மையான உலோகம் சுற்றுமுற்றும் தெரியும்வரை தேய்க்கவேண்டும். புண்ணைவிட வட்டம் பெரிதாகும். பெரிதாகாவிட்டால் வேலை நடக்கவில்லை என்பது பொருள். உலோகத்தின் நுண்பள்ளங்களிற் கரும்புள்ளிகளாக எஞ்சும் கறளை அரத்தாள் எட்டுவதில்லை. பொஸ்பரிக் அமிலம் கலந்த கறள் நீக்கியைத் தடவி அதனை மாற்றவேண்டும். பின்னர் துடைத்து நன்கு உலர்த்தவேண்டும். அடுத்து 240 ஆம் இலக்க அரத்தாளால், பழைய பூச்சின் விளிம்பைப் படியின்றிச் சரியச் செய்யவேண்டும். சரிந்ததா என்பதைக் கண்ணால் அறியமுடியாது. கண்ணை மூடிக்கொண்டு விரல்நுனியை ஓட்டிப் பார்க்கச் சொல்வார் தாத்தா. விரல் எந்த இடத்திலும் தடைப்படாதபோதுதான் "ம்" என்பார்.

அதன்பின் தாமதிக்கக் கூடாது. வெறும் உலோகத்தை இரவு முழுவதும் ஈரக்காற்றில் விட்டால், காலையில் அதன்மேல் இளமஞ்சட் கறள் படர்ந்திருக்கும். வியர்த்த கை பட்டாலும் விரலடையாளம் கறளாக எழும்பும். ஆதலால் அன்றைக்கே அடிப்பூச்சை மெல்லியதாக இருமுறை பூசவேண்டும். புட்டி பள்ளத்துக்கு மட்டும். அது தானும் நீரை உறிஞ்சுவதாகையால் அதனைத் திறந்து விடக்கூடாது. 400, 600 ஆம் இலக்க அரத்தாள்களை நீரில் நனைத்துத் தேய்த்தபின்பே நிறம். நிறத்தையும் மெல்லியதாகப் பலமுறை பூசவேண்டும். தடிப்பாகப் பூசினால் மேற்புறம் முதலிற் காய்ந்து உள்ளே தின்னரைச் சிறைப்படுத்தும். அது பின்னர் சுருக்கமாக வெளிப்படும். சிறு பொட்டுகளுக்கோ மெல்லிய தூரிகையின் நுனியால், நாளுக்கு ஒரு துளியாக, சுற்றியுள்ள பூச்சின் மட்டத்துக்குச் சற்று மேலே வரும்வரை தொட்டு வைக்கவேண்டும். ஒன்றிரண்டு கிழமை கழித்து 1200 ஆம் இலக்கத் தாளாலே சவர்க்கார நீர் விட்டு மட்டமாக்கி மெருகூட்டவேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னர் எனக்கு ஒரு தண்டனை காத்திருந்தது. தாத்தா பயன்படுத்தியது நைற்றோசெலுலோசுப் பூச்சு. நான் முன்பு பூசியதோ எனாமல். எனாமலின் மேல் செலுலோசுப் பூச்சு விழுந்தால் அதன் கடுமையான தின்னர் கீழ்ப்பூச்சை நெகிழ்த்திச் சுருங்கச் செய்துவிடும். எனவே நான் மூன்று நாளிற் பூசியதை எடுக்க எனக்குப் பதினொரு நாட்கள் சென்றன.

எல்லாம் முடிய அந்த நீண்ட கீறல் மட்டும் எஞ்சியது. அரத்தாளை எடுத்துக்கொண்டு நான் அதனருகே குந்தியபோது அப்பா வந்து பக்கத்தில் இருந்தார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "உது எப்பிடி வந்ததெண்டு உனக்குத் தெரியுமே?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. அவர் அதைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்து மக்கள் எல்லோரும் வீடுகளை விட்டுத் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அப்பாவுக்கு இருபத்தொரு வயது. நாவற்குழிப் பாலத்தை அண்டிய வீதியில் மழைக்குள் மனிதர் அடி அடியாக நகர்ந்தனர். காரில் இருந்த மண்ணெண்ணெய் சிறிதளவே. அதை மிச்சம் பிடிப்பதற்காக எஞ்சினை நிறுத்திவிட்டு அப்பப்பா சுக்கானைப் பிடிக்க, அப்பாவும் சித்தப்பாவும் பின்னால் நின்று தள்ளினர். இடப்பக்கமாக ஒரு கைவண்டி நெரிபட்டு வந்தது. அதில் நடக்கமாட்டாத ஒரு கிழவி கிடந்தார். சனம் ஒருமுறை அலைபோல உந்தியதில் கைவண்டியின் இரும்பு விளிம்பு கதவை உராய்ந்துகொண்டு போயிற்று. அப்பாவுக்குக் கோபம் வந்தது. "என்ன பார்த்துத் தள்ள மாட்டீரே?" என்று அந்த மனிதர்மேற் பாய்ந்தாராம். அப்பப்பா இறங்கி வந்தார், கீறலைப் பார்க்கவேயில்லை. கிழவியை இரு கைகளாலும் தூக்கிப் பின் ஆசனத்தில், அப்பாச்சியின் மடியில் தலை இருக்கும்படி கிடத்தினார். விடியற்புறம் சாவகச்சேரியில் ஒரு பாடசாலை வாசலில் அவரை இறக்கிவிட்டனர். பெயர்கூடக் கேட்கவில்லை.

"நான் ஏசின அந்த மனிசன் என்னைக் கும்பிட்டுப்போட்டுப் போச்சுது. அதுதான் பிள்ளை எனக்கு இண்டைக்கும்..." என்று அப்பா தொடங்கினார், முடிக்கவில்லை.

1996 இல் ஊர் திரும்பிய பின்னும் அப்பப்பா அந்தக் கீறலுக்குப் பூச்சுப் போடவில்லை. மாரிக்கு முன்னர் கழித்த எஞ்சின் எண்ணெயைத் துணியில் நனைத்து அதன்மேல் தடவி விடுவார். அவர் இருந்தவரை அது கறள் பிடிக்கவில்லை. அப்பா அந்தப் பழக்கத்தைத் தொடரவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டார்.

நான் அரத்தாளைக் கீழே வைத்தேன். "அப்ப இதை இப்பிடியே விடுவம் அப்பா" என்றேன். வரலாற்றைப் பாடமாகப் பயில்பவள் நான். அந்தக் கீறல் எனக்கு ஒரு கல்வெட்டுப்போலத் தோன்றியது.

அப்பா தலையசைத்தார். "விட்டால் கதவு போயிடும். கீறலை வைச்சிருந்துதான் நான் அதை நினைக்கவேணுமெண்டில்லை. நீ தேய்."

தேய்த்தேன். கீறலின் அடியில் கறள் அடுக்கடுக்காக இருந்தது. வெண்மையான உலோகம் தெரியும்வரை அப்பா என் பக்கத்திலேயே இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "நீ முதல் பூசேக்கை எனக்கும் தெரியும் பிள்ளை, உது நிக்காதெண்டு. காசு தேவைப்பட்டுது. பேசாமல் இருந்திட்டன்."

அன்று அவர் கதவின் அடியிலே விரலை வைத்துப் பார்த்ததன் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாங்கள் இருவருமே ஓர் அந்நியருக்கு ஒரு பொய்யை விற்கவிருந்தோம். நான் அறியாமையால், அவர் அறிந்து. எங்கள் இருவரில் எவர் பிழை பெரிது என்று அதன்பின் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அதற்குப் பின் பல தடவைகள், விரிவுரை மண்டபத்தில் எங்கள் நாட்டின் அண்மைக்கால வரலாறு பேசப்படும்போதெல்லாம், அந்தக் கதவு என் நினைவுக்கு வருகிறது. நடந்தவற்றின்மேல் அவசரமாகப் பூச்சுப் பூசி, எல்லாம் மின்னுகிறது பாருங்கள் என்போரைக் காண்கிறேன். நீர் வடிவதற்காக இருக்கும் துளைகளையும், அழுவதற்கும் கேட்பதற்கும் உள்ள வழிகளையும், குறைபாடு எனக் கருதி அவர்கள் அடைத்துவிடுகின்றனர். காயத்தைத் திறந்தபடியே வைத்திருப்பதே நேர்மை என்போரையும் காண்கிறேன். அவர்களுடைய துயரை நான் மதிக்கிறேன். ஆனால் நாள்தோறும் எண்ணெய் தடவ ஒரு கை இல்லாதவிடத்துத் திறந்த காயமும் தகட்டைத் தின்கிறது. உலோகத்தின் நியதியை மனிதர்மேல் அப்படியே ஏற்றிவிட முடியாது என்பதை அறிவேன். மனிதரைத் தேய்ப்பதற்கு அரத்தாள் இல்லை. எனினும் நல்ல உலோகம் எங்கே தொடங்குகிறது என்று தெரியும்வரை பார்க்கவேண்டும் என்பதும், பார்க்கும்போது புண் பெரிதாகத் தெரியும் என்பதும், அதற்கு அஞ்சக்கூடாது என்பதும் இரண்டுக்கும் பொதுவானவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

2023 தை மாதத்தில் அவர் பணத்துடன் வந்தார். படியோரத்தில் ஒட்டிய தகட்டின்மேல் அடிப்பூச்சு மட்டும் பூசி, நிறம் பூசாது விடச் சொல்லியிருந்தார் அப்பா. வந்தவரைக் குந்தச் செய்து அதைக் காட்டினார். எங்கெங்கே கறள் இருந்தது, எங்கே வெட்டி ஒட்டியது, எங்கே பூச்சு மட்டும் போட்டது என்று தமக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னார். வந்தவர் நெடுநேரம் யோசித்தார். பேசிய விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தார். உள்ளே குசினி வாசலில் நின்ற அம்மாவின் முகம் மாறியது. அந்தப் பணத்துக்கு அவர் முன்பே கணக்கு வைத்திருந்தார். அடைவிலிருந்த நகைகளுள் இரண்டு இன்றுவரை மீளவில்லை. அம்மா அதனை எங்களிடம் ஒருமுறை தவிரக் குறையாகச் சொன்னதில்லை. அந்த ஒருமுறையும் அவர் சொன்னது நியாயமே.

அப்பா இப்போது வேறொருவரின் வானைச் சம்பளத்துக்கு ஓட்டுகிறார். நான் இறுதி வருடத்துக்கு வந்துவிட்டேன்.

கார் புறப்பட்ட அன்று, சாவியைக் கொடுத்த அப்பா, "கொஞ்சம் நில்லுங்கோ" என்று சைகை காட்டிவிட்டு வீட்டுக்குள் வந்தார். மிஞ்சியிருந்த சாம்பல் நிறப் பூச்சின் சிறு டப்பாவையும் நான் பொட்டுகளுக்குத் தொட்ட தூரிகையையும் கடதாசியிற் சுற்றி எடுத்துக்கொண்டு போய் அவரிடம் நீட்டினார். பின்னர் குனிந்து, கதவின் அடியிலிருந்த துளைகளை விரலாற் சுட்டினார்.

"மழைக்கு முன்னம், வருசத்துக்கு ஒருக்கா, உதைக் குத்திப் பாருங்கோ. அடைபடக் கூடாது" என்றார். தமிழிலே சொன்னார். மற்றவர் விளங்கியவராகத் தலையாட்டினார்.